பக்கத்திலிருந்து தெரியாத திரை

சுமனுக்கு எதையும் உடனே நம்பிவிடும் பழக்கம் கிடையாது. பெட்ரோல் அடிக்கப் போனால் மீட்டரில் பூச்சியம் விழுந்ததைக் கண்ணால் பார்க்காமல் குழாயை ஆட்டோவில் வைக்க விடமாட்டான். பலாங்கொடைச் சந்தையில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பான். பார்த்துவிட்டு மீன்காரன் முகத்தையும் ஒரு தரம் பார்ப்பான். தேசிக்காய் விற்கிற கிழவியிடம்கூட, இது உன் தோட்டத்துக் காயா, வாங்கி விற்கிற காயா என்று விசாரணை வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டவன். இப்படிப்பட்டவனுக்குச் சந்தேகப்பட வீட்டுக்குள்ளேயே ஒரு விஷயம் கிடைத்தால் சும்மா விடுவானா?

அந்த விஷயம், அவன் மனைவி ஜீவராணியின் வேலை. உயர்தரம் வரை படித்தவள். தேயிலைத் தோட்டத்துப் பாலர் பாடசாலையில் கொஞ்சக் காலம் படிப்பித்தவள். சிங்களம் பேசினால் தமிழ்ப் பிள்ளை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தமிழும் சிங்களமும் தெரிந்தவர்கள் வேண்டுமென்று கொழும்பில் ஒரு கம்பனி கேட்டு, அவளை எடுத்துக்கொண்டது. லேப்டொப்பையும் அனுப்பி, வீட்டிலிருந்தே வேலை செய் என்றது. மலையில் கொழுந்தெடுக்கப் போகாமல், கார்மெண்ட் தொழிற்சாலைக்கும் போகாமல், கதிரையில் உட்கார்ந்து சம்பாதிக்கிற பெண் அந்த லயத்தில் அவள் ஒருத்திதான். சுமனுக்கு அதில் பெருமை இல்லாமல் இல்லை. என்ன வேலை என்று தெரிந்திருந்தால் இன்னும் பெருமைப்பட்டிருப்பான்.

"கம்பியூட்டர்ல வர்றத பாத்து சரிபாக்குறதுங்க" என்றாள் ஆரம்பத்தில்.

"என்னா வருது?"

"என்னென்னமோ வரும். அதுக்கு மேல யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க."

"புருசன்கிட்டயுமா?"

"புருசன்கிட்டயுந்தான்" என்று சிரித்தாள். சிரித்ததுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

அவள் உட்காரும் இடத்தைச் சொன்னால்தான் மீதிக் கதை விளங்கும். தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடு. முன்னால் இஸ்தோப்பு என்று சொல்கிற ஒடுங்கிய முன்னறை, அதற்குப் பின்னால் பகலிலும் இருட்டாக இருக்கும் காம்பரா என்கிற உள்ளறை, அப்புறம் சமைக்கிற குசினி. நெட் சிக்னல் இஸ்தோப்பைத் தாண்டி உள்ளே வராது என்பதால் மேசை இஸ்தோப்பில், சுவரோரம். சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் அவளுக்கு இடப் பக்கம் வாசல், வலப் பக்கம் காம்பராவுக்குள் போகும் வழி, முதுகுக்குப் பின்னால் அலுமாரி. நேர் பின்னால் நிற்க ஒருவருக்கும் இடமில்லை. ஆனால் இரண்டு பக்கத்திலிருந்தும் யாரும் எட்டிப் பார்க்கலாம். வலப் பக்கம் மேசையோரத் தரையில் பாயைப் போட்டுத்தான் மகள் ருக்ஷிகா பாடம் எழுதுவாள், இரண்டாம் வகுப்பு.

கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியதுதானே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். லயத்தில் பகலில் வாசற்கதவைச் சாத்தினால் அந்த வீட்டில் சண்டை, இல்லாவிட்டால் யாருக்கோ ஆகாத காரியம் என்று அர்த்தம். சாத்திய கையோடு நாலு பேர் வந்து தட்டி, "என்னா, ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டுவிடுவார்கள். அதோடு, ஒரு வீட்டு டிவி லயத்துக்கே பொது என்று வளர்ந்தவர்கள் எல்லோரும். ஒரு திரை மினுங்கினால் போதும், வந்து வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு பார்ப்பார்கள். அதில் தப்பு இருப்பதாக ஒருவருக்கும் தோன்றாது.

அதனால் ராணி லேப்டொப்பின் மூடியைப் பாதிக்கு மடித்து வைத்துக்கொண்டு, குனிந்து குனிந்து பார்ப்பாள். காதில் எப்போதும் இயர்போன். யாராவது வாசலில் நிழல் தட்டினால் மூடி இன்னும் கொஞ்சம் இறங்கும். சுமன் வந்தாலும் இறங்கும். சில நாள் நடுவில் எழுந்துபோய், வெளியே மலைத் தண்ணீர் விழும் பீலியில் முகம் கழுவிக்கொண்டு வருவாள், கண் சிவந்திருக்கும். கேட்டால், "தூசி" என்பாள். காதில் பூச்சுற்ற அவளுக்குச் சுமன்தான் கிடைத்தானா? ராணி எதை மறைக்கிறாள், அல்லது யாரை மறைக்கிறாள் என்ற ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

குனிந்து குனிந்து கழுத்து வலி வந்தது, பிறகு தலைவலி. ஆஸ்பத்திரியில் டொக்டர், நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்கிற மாதிரி பெரிய திரை ஒன்று வாங்கச் சொன்னார். சுமன் சந்தோஷமாக ஆட்டோவை எடுத்தான். பெரிய திரைக்கு மடிக்க மூடி கிடையாது என்பது அவனுக்குத் தெரியும்.

பலாங்கொடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மஹ்ரூப்பின் கடை. புதுசும் உண்டு, வெளிநாட்டு ஒபீசுகளில் பாவித்துக் கழித்துவிட்ட பழசும் உண்டு. வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு மொனிட்டர்கள் ஒரே மீன் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தன.

"தங்கச்சி, இதப் பாருங்க" என்றார் மஹ்ரூப். "இருபத்திநாலு இன்ச். ஐபிஎஸ் பேனல். கண்ணுக்கும் குளிர்ச்சியா ஈக்கும்."

சுமன் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தான். வரும்போதே கொண்டுவந்திருந்தான். "நானா, இருபத்திநாலுங்கிறீங்க. அளந்தா இருபத்தொண்ணுகூட முழுசா வரலயே?"

"மூலைக்கு மூல புடிங்க தம்பி. ஒலகம் முழுக்க அப்பிடித்தான் அளக்குறது."

மூலைக்கு மூலை பிடித்தால் சரியாக வந்தது. அப்படியும் அவனுக்கு மனம் ஆறவில்லை; சாய்த்துப் பிடித்தால் எதுவும்தான் நீளமாக வரும் என்று முணுமுணுத்தான். பிறகு திரையை முழு வெள்ளையாகப் போடச் சொல்லி, எங்காவது கறுப்புப் புள்ளி செத்துக் கிடக்கிறதா என்று மூக்கு முட்டத் தேடினான். பெட்டியின் டேப்பை யாரும் பிரித்து ஒட்டியிருக்கிறார்களா என்று நகத்தால் சுரண்டினான். பின்னால் போய் வயர் குத்துகிற ஓட்டைகளை எண்ணினான். மஹ்ரூப் இப்படி எத்தனை பேரைப் பார்த்தவர், பொறுமையாக நின்றார்.

ராணி இதில் எதையும் செய்யவில்லை. மொனிட்டருக்கு வலப் பக்கம் போய் நின்று பார்த்தாள். இடப் பக்கம் போய் நின்று பார்த்தாள். பிறகு கடை நடுவில், ஆட்கள் இருப்பதையும் கவனிக்காமல், சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தி, அண்ணாந்து பார்த்தாள்.

"இது வேணாங்க."

"ஏன், என்னா குறை?"

"எல்லாப் பக்கத்துலயும் தெரியுது."

மஹ்ரூப் தன் காதையே நம்பவில்லை. "அதுக்குத்தானே தங்கச்சி ஐபிஎஸ் எடுக்குற! சல்லிய கூடக் குடுத்து ஆக்கள் கேட்டு வாங்குறதே அதுக்குத்தான்."

"சைட்ல நின்னா தெரியாத மாதிரி ஒண்ணு இல்லீங்களா நானா?"

"பேங்க்ல ஒட்டுற ஒரு பேப்பர் ஈக்கி. அத ஒட்டினா பக்கத்து ஆளுக்கு ஒண்டும் தெரியாது. ஆனா இந்த சைசுக்குக் கெடைக்கிற கஷ்டம்."

"கொழும்புல சொல்லி எடுக்க ஏலாதா?" அவள் கேட்ட அவசரத்தைச் சுமன் மனதில் குறித்துக்கொண்டான். பேங்கில் ஒட்டுகிறார்கள், சரி. ஊரார் பணம் அங்கே கிடக்கிறது. இவளிடம் என்ன கிடக்கிறது?

கிடைக்காது என்று மஹ்ரூப் கைவிரித்த பிறகு, அவள் ஒவ்வொரு மொனிட்டராகக் குந்திக் குந்திப் பார்த்துக்கொண்டு போனாள். வளைந்த திரை ஒன்று, கேம் விளையாடுகிற பையன்களுக்கான மின்னல் வேகத் திரை ஒன்று, ஏதோ ஒபீசில் கழித்த அகலத் திரை ஒன்று. எல்லாம் நல்லது, அதனாலேயே எல்லாம் வேண்டாம். கடைசியில் மஹ்ரூப், மூலையில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த ஒன்றைத் தயக்கத்தோடு எடுத்து வந்தார்.

"இது டிஎன் எண்டு பழைய மாடல் பேனல். நேரா இருந்து பாத்தா மட்டுந்தான் சரி. பக்கத்துல போனா வெளிறிப் போகும், கீழ இருந்து பாத்தா கறுத்துப் போகும். ஒருத்தர் வாங்கிட்டுப் போய் அடுத்த நாளே திருப்பிக் கொண்டாந்துட்டாரு. மறைச்சு விக்க ஏலாது, அதுதான் செல்றேன்."

ராணி குந்தினாள். அண்ணாந்தாள். திரையில் மீனும் இல்லை, தண்ணீரும் இல்லை, கறுப்பாக ஏதோ அசைந்தது. அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைச் சுமன் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது. அதை ஒரு கெட்டுப்போன திரைக்குக் கொடுக்கிறாளே என்று எரிந்தது.

"இதயே எடுப்போங்க."

திரும்பி வரும்போது ஆட்டோவின் கண்ணாடியில் அவளைப் பார்த்தபடி கேட்டான். "நல்லது அத்தன இருக்க, நொள்ளைய ஏன் எடுத்த?"

"வெல கொறவுதானே."

"நான் வெலய கேக்கல."

"எனக்கு இது போதுங்க" என்று பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மொனிட்டரின் மேல் மூலையில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சூடம் காட்டித்தான் வேலையைத் தொடங்கினாள். பெரிய திரை வந்த செய்தி கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண், நிலையில் சாய்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். "என்னா ராணி, டிவி மாதிரி இருக்கும்னு வந்தா பூசணம் புடிச்ச மாதிரி தெரியுது" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டாள். பாயில் உட்கார்ந்திருந்த ருக்ஷிகாவும் ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தன் பாட்டில் எழுதினாள். ராணி நிமிர்ந்து உட்கார்ந்து வேலை செய்தாள். கழுத்து வலியும் குறைந்தது. சுமனின் வலிதான் கூடிப்போனது.

அதற்குப் பிறகுதான் அந்த போன் வந்தது. அவள் பீலிக்குப் போயிருந்தபோது மணியடித்து, ஓடி வந்து எடுத்தாள். கைப்பேசியின் சத்தம் கூடுதலாக வைத்திருந்ததால் காம்பராவுக்குள் படுத்திருந்த சுமனுக்கும் கேட்டது. ஒரு ஆண் குரல், நிதானமான சிங்களம். "ஹொந்தட்ட நிந்த யனவாத?" நன்றாகத் தூக்கம் வருகிறதா என்று கேட்டான். அவன் மனைவியின் தூக்கத்தைப் பற்றி, எவனோ ஒருவன்! ராணி தாழ்ந்த குரலில், இப்போது பரவாயில்லை, இடையில் விழிப்பு வருகிறது என்றாள். பிறகு வாசலுக்கு வெளியே நடந்துவிட்டாள். சுமன் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கேட்டுவிடலாம்தான். கேட்டால் தூசி என்பாள், கையெழுத்து என்பாள். கேட்டுத் தெரிந்துகொள்வதில் அவனுக்கு நம்பிக்கை இல்லை. கண்ணால் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ராணி மகளைக் கூட்டிக்கொண்டு இரக்குவானைப் பக்கம் தாய்வீட்டுக்குப் போனாள். சுமன் மொனிட்டரைக் கழற்றி, போர்வையில் சுற்றி, மஹ்ரூப்பின் கடைக்குக் கொண்டு போனான்.

"அந்த மொதல் காட்டினீங்களே, எல்லாப் பக்கமும் தெரியுறது, அத தாங்க."

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"அவதான் மாத்திட்டு வரச் சொன்னா."

மஹ்ரூப் அவனை மேலும் கீழும் பார்த்தார். ஆனாலும் நல்ல சாமானைக் கேட்டு வருகிறவனை எந்தக் கடைக்காரர் திருப்பி அனுப்புவார்? இரண்டுக்கும் கம்பனியும் ஒன்று, கறுப்புச் சட்டமும் ஒன்று, காலும் ஒன்று. அணைத்து வைத்தால் எது எதுவென்று விற்றவருக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து மேசையில் வைத்தான். பழையதில் இருந்த அதே மூலையில், அதே அளவுக்குச் சந்தனத்தைத் தொட்டு, நடுவில் குங்குமம் வைத்தான். சாமி காரியத்தில் இவ்வளவு கவனமாக அவன் ஒருநாளும் இருந்ததில்லை.

"இன்னைக்கு கலர் எல்லாம் நல்லா இருக்கே" என்றாள் ராணி அடுத்த நாள், திரைக்கு நேராக உட்கார்ந்துகொண்டு.

"தூசியா கெடந்துச்சு. தொடச்சு வச்சேன்."

அவள் அவனைப் பார்த்து உண்மையாகவே சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனைக் கொஞ்சம் உறுத்தியது. உறுத்தலைத் தள்ளிவிட்டு, இரத்தினபுரிக்கு ஒரு ஹயர் ஓட்டம் இருக்கிறது, வர இருட்டிவிடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

ஹயரும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆட்டோவைக் கீழே ரோட்டில் விட்டுவிட்டு, பள்ளிக்கூடம் விட்டு ருக்ஷிகா வீட்டுக்கு வந்த பிறகு, லயத்துக்குப் பின்னால் ஏறினான். குசினிக் கதவால் செருப்பைக் கழற்றிக்கொண்டு நுழைந்தான். இருட்டுக் காம்பராவைக் கடந்து, இஸ்தோப்புக்குப் போகும் வழியில் நிலையோடு ஒட்டி நின்றான். தூக்கத்தை விசாரித்தவனின் முகம் எப்படி இருக்கும் என்று பல நாளாக மனதில் வரைந்து வைத்திருந்தான். எட்டிப் பார்த்தான். திரை பளிச்சென்று தெரிந்தது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே கலர் என்று மஹ்ரூப் சொன்னதில் பொய்யில்லை.

ஒரு அறை. ஒரு ஆள் கையில் பெல்ட்டைச் சுற்றிப் பிடித்திருக்கிறான். சுவர் மூலையில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு ஒரு பிள்ளை, இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டு. கையை ஓங்குகிறான். சத்தம் இல்லை, சத்தமெல்லாம் ராணியின் காதுக்குள். ஓங்கிய கை இறங்கியது. ராணி நிறுத்தினாள். பின்னுக்கு இழுத்தாள். மறுபடி ஓட விட்டாள். மறுபடி அந்தக் கை உயர்ந்தது. அவள் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய் உற்றுப் பார்த்தாள். மறுபடி பின்னுக்கு இழுத்தாள்.

சுமனின் கண் தானாகக் கீழே போனது. பாயில் ருக்ஷிகா உட்கார்ந்திருந்தாள். பென்சில் கொப்பியின் மேல் கிடந்தது. வாய் கொஞ்சம் திறந்திருக்க, அவள் அண்ணாந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாளோ. ஒரு தரம் திரையைப் பார்த்தாள், ஒரு தரம் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"ராணி!" என்று கத்திக்கொண்டு பாய்ந்து, பிள்ளையைத் தூக்கி முகத்தைத் தன் தோளில் அழுத்தினான்.

ராணி இயர்போனைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினாள். அவனைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். எழுந்து வந்து பாயில் குந்தினாள், பிள்ளை இருந்த இடத்திலிருந்து அண்ணாந்தாள். கலர் மாறாமல், வெளிறாமல், அப்படியே எல்லாம் தெரிந்தது. கையை நீட்டி வயரைப் பிடுங்கினாள்.

"மாத்திட்டீங்களா?"

சுமன் பிள்ளையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டான்.

பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்த பிறகு அவளே சொன்னாள். அழவில்லை, அழுதிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஜனங்க நெட்ல போடுற கெட்ட வீடியோவெல்லாம் எங்களுக்குத்தான் மொதல்ல வரும். நாங்க பாத்து நிப்பாட்டுனாத்தான் மத்தவங்க கண்ணுல படாது. அந்தப் பிள்ளை சட்டையில ஸ்கூல் பேட்ஜ் இருந்துச்சுங்க. எந்த ஸ்கூல்னு தெரிஞ்சா பொலிசுக்கு அறிவிக்கலாம். அதுக்குத்தான் திருப்பித் திருப்பிப் பாத்தேன்."

"அந்த போன்ல பேசுறவரு..."

"கம்பனி டொக்டர். இதப் பாக்குறவங்களுக்கு தூக்கம் வருதான்னு கேக்குறது அவரு வேல." அவள் அவனை நேராகப் பார்த்தாள். "என்னைய சந்தேகப்பட்டீங்க, சரி. அத என்கிட்ட காட்டியிருக்கலாம். நான் இத்தன நாளா எதத் தடுத்துகிட்டு இருந்தேனோ, அத நம்ம பிள்ளை கண்ணுக்கு முன்னாலயே கொண்டாந்து வச்சிட்டீங்களே."

சுமன் வெட்கப்பட்டான். தன் மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்போதும், பிள்ளைதானே, விளையாடினால் மறந்துவிடுவாள் என்று ஒரு மூலையில் நம்பினான்.

பொழுது சாய்கிற நேரம் தலை வாரிவிடக் கூப்பிட்டாள் ராணி. தினமும் அந்த நேரத்துக்கு எண்ணெய்ப் போத்தலோடு தானாக ஓடி வருகிற பிள்ளை, வாசற்படியிலிருந்து அசையவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டதும் எழுந்து வந்து, தாயின் கையிலிருந்த சீப்பை மட்டும் மெதுவாக எடுத்துக்கொண்டு போய்ச் சுமனிடம் நீட்டினாள். ராணி வெறுங்கையை மடக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். பாத்திரங்கள் உரசும் சத்தம் கேட்டது.

சுமனுக்குப் பின்னத் தெரியாது. முடியை மூன்றாகப் பிரித்து எதை எதன் மேல் போடுவதென்று தடுமாறிக்கொண்டிருந்தான்.

"அப்பா."

"என்னாடா?"

"அந்தப் பிள்ளை அழுதுச்சுதானே?"

"...ஆமா."

"அம்மா ஏன் நிப்பாட்டல? ஏன் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தாங்க?"

"அந்தப் பிள்ளைய காப்பாத்தத்தான்டா. அது எந்த ஊருப் பிள்ளைன்னு கண்டுபுடிச்சு, பொலிசுக்குச் சொல்றதுக்கு."

ருக்ஷிகா தலையைத் திருப்பி அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். கண்ணையும் பார்த்தாள், வாயையும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, குசினிக்குக் கேட்கக் கூடாதென்று நினைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்னைய யாராச்சும் அடிச்சா, அப்பவும் அம்மா இப்பிடித்தான் பாத்துகிட்டு இருப்பாங்களா?"

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"சேச்சே! அம்மா ஓடி வந்துருவாங்கடா. மொத ஆளா ஓடி வருவாங்க" என்றான் சுமன். அவன் வாழ்க்கையில் அதைவிட உண்மையாக எதையும் சொன்னதில்லை. பிள்ளை அதை நம்பவில்லை என்பது அவனுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. அவள் குசினிப் பக்கம் முதுகைக் காட்டி இன்னும் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, பின்னிவிடும்படி தலையைக் கொடுத்தாள்.